மெத்தைப் பிரிவில் ஓர் ஆள் அதிகம்

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது, சோதனைப் பிரிவு மேனேஜர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"பேர் என்ன ஆச்சு?" என்றது ஒரு பெண் குரல்.

எந்தப் பேர் என்று மேனேஜருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று தலைமை அலுவலகத்திடம் சொல்லும் வழக்கமும் அவருக்கு இல்லை. "அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன் மேடம்" என்றார்.

"மூணு வாரமா பார்க்கிறீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு பேர் எனக்கு வந்தாகணும். வரலைன்னா மொத்தப் பிரிவையும் மூடிட்டு, மெத்தையை அழுத்திப் பார்க்கிற உருளை மெஷின் வாங்கிடுவோம். மெஷின் லீவு கேக்காது."

போன் வைக்கப்பட்டது. மேனேஜர் மெதுவாகத் திரும்பி, மேஜையின் இடது ஓரத்தில் இருந்த மர ட்ரேயைப் பார்த்தார்.

அந்த ட்ரேக்கு ஆபீசில் 'பார்க்கலாம் ட்ரே' என்று பெயர். மேனேஜர் கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. யாராவது ஒருவருக்கு மனக்கஷ்டம் தரக்கூடிய காகிதம் என்று லேசாகச் சந்தேகம் வந்தால் போதும், பிரித்தே பார்க்காமல் "பார்க்கலாம்" என்று சொல்லி அதில் வைத்துவிடுவார். பாதி விஷயங்கள் பத்து நாளில் தாமாகவே சரியாகிவிடும் என்பது அவருடைய பதினெட்டு வருட அனுபவம். மீதிப் பாதி என்ன ஆயின என்று அவர் பார்த்தது கிடையாது.

மேலாகக் கிடந்த ஒரு பழுப்புக் கவரை எடுத்து ஓரமாக வைத்தார். மேஜை துடைக்க வரும் அக்கா மீது அவருக்கு ஒரு குறை உண்டு. துடைக்கிறேன் பேர்வழி என்று ட்ரேயில் அடியில் இருப்பதை மேலேயும் மேலே இருப்பதை அடியிலுமாக மாற்றி வைத்துவிடுவார். கையை உள்ளே விட்டுத் துழாவியதில் ஏழாவது காகிதமாக அது வந்தது. 'சோதனைப் பிரிவின் ஆள் எண்ணிக்கை நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்படுகிறது. நீக்கப்பட வேண்டியவரைப் பிரிவு மேனேஜரே தேர்வு செய்து பெயரை அனுப்பவும்.'

காகிதத்தைப் பழக்கதோஷத்தில் மறுபடி ட்ரேயிலேயே வைக்கப்போய், சுதாரித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். கவரை ட்ரேயில் போட்டு, பறக்காமல் இருக்கப் பென்சில் டப்பாவை அதன்மேல் வைத்தார்.

அது ஒரு மெத்தைக் கம்பெனி. சோதனைப் பிரிவின் வேலை படுப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அது லேசான வேலை இல்லை. புது மாடல் மெத்தை ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் கண்ணை மூடி மல்லாந்து படுக்க வேண்டும், பத்து நிமிடம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். எழுந்ததும் எவ்வளவு பள்ளம் விழுந்திருக்கிறது என்று அளவுகோல் வைத்து அளந்து, இடுப்பு வலித்ததா, தோள் அழுந்தியதா என்று தாளில் குறிக்க வேண்டும். ஒல்லி, நடுத்தரம், கனம் என்று மூன்று விதமான உடம்பும் படுத்தெழுந்தால்தான் அந்த மாடல் கடைக்குப் போகும். அதனால் வேலை உத்தரவிலேயே இத்தனை கிலோ என்று அச்சடித்திருக்கும். நாளடைவில் அவரவர் பெயர் மறந்துபோய், எடையே பெயராகிவிட்டது.

நாற்பத்தெட்டு என்பவர் படபடவென்று பேசும் பெண். அவர் சம்பளத்தில்தான் இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். எழுபது என்பவருக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. கம்பெனி விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பார். நூற்றிப்பத்து மகா சாது. அவ்வளவு பெரிய உடம்புக்குள் அவ்வளவு சின்னக் குரல் எப்படி வந்தது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். ஏற்கெனவே நிறைய இடம் எடுத்துக்கொண்டுவிட்டோம், பேச்சிலாவது குறைத்துக்கொள்வோம் என்று நினைப்பவர்போல் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார்.

இந்த மூவரில் யாரை வெட்டுவது? மேனேஜருக்கு நினைக்கும்போதே வியர்த்தது. நாலாவது ஆள் அவரே. அந்தக் கணக்கு அவருக்குத் தோன்றவில்லை. மேனேஜர்களுக்குத் தோன்றாது.

மத்தியானம் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நாசூக்காகச் சொல்ல வேண்டும் என்று கால் மணி நேரம் மழை, வெயில், பஸ் கூட்டம் என்று சுற்றி வளைத்தார். பிறகு, நம்மில் ஒருவரைத் தலைமை அலுவலகம் குறைக்கச் சொல்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

எழுபது விதிப் புத்தகத்தை எடுத்தார். நாற்பத்தெட்டின் முகம் வெளிறிப்போயிற்று.

"யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

"பார்க்கலாம்மா."

நூற்றிப்பத்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மெல்லக் கையைத் தூக்கினார். "சார், அந்தக் கடுதாசி..."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அகலமான நாற்காலி வேண்டும் என்று நூற்றிப்பத்து எழுதிக் கொடுத்த கடிதம் நினைவுக்கு வந்தது. பாவம், குறிப்பெழுதும் நாற்காலியின் கை இரண்டு பக்கமும் அழுத்த, இரண்டு வருடமாக நின்றுகொண்டே எழுதுகிறார். தலைக்கு மேல் கத்தி தொங்கும் இந்த நேரத்திலும் அவர் கேட்பது ஒரு நாற்காலி. மேனேஜருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"இனிமே நீங்க அதைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. இன்னிக்கே பண்ணிடுறேன்" என்றார்.

நூற்றிப்பத்தின் முகம் மலர்ந்தது. அவ்வளவு மலர்ச்சியை மேனேஜர் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை நாற்காலி வந்து இறங்கியது. தேக்குக் கால்கள், தடித்த குஷன், இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மேனேஜரே அதைத் தள்ளிக்கொண்டு போய் நூற்றிப்பத்தின் முன்னால் நிறுத்தினார்.

நூற்றிப்பத்து நாற்காலியைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். "இது எனக்கா சார்?"

"உங்களுக்கேதான். பத்து வருஷத்துக்கு அசையாது."

"பத்து வருஷமா" என்றார் நூற்றிப்பத்து. அதில் தொப்பென்று உட்கார்ந்தார். மனுஷர் நெகிழ்ந்துவிட்டார் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம்கூட அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. நாற்பத்தெட்டு கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"அவருக்கு நாற்காலி வந்தாச்சு. அப்போ எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தானே சார்? சுத்தி வளைக்காம சொல்லிடுங்க. தங்கச்சிங்க ஃபீஸ் கட்டறதா வேண்டாமான்னு நான் பார்க்கணும்."

அவருக்குப் பின்னால் எழுபது, பாரபட்சம் பற்றிய விதி எண்ணோடு நின்றார். மேனேஜர் திடுக்கிட்டுப் போனார். ஒரு நாற்காலிக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று அவர் கண்டாரா. எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி போடுகிறேன், அதன்படி யார் சிக்குகிறாரோ அவர் போகட்டும், நான் யாரையும் கை காட்டமாட்டேன் என்று இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

பதினோரு மணிக்கு அறிவிப்புப் பலகையில் விதி ஏறியது. 'பணி நேரத்தில் உறங்குபவர் நீக்கப்படுவார்.' எந்தக் கம்பெனியிலும் செல்லக்கூடிய விதிதான். கண்ணை மூடிப் படுப்பதே வேலையாக இருக்கும் இடத்தில் அதை எப்படி அமல்படுத்துவது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

எழுபது எழுந்து வந்து, உறக்கம் என்பதற்கு விளக்கம் என்ன என்று எழுத்துமூலமாகக் கேட்டார். மேனேஜர் யோசித்து, நான் மணியை மெதுவாகத் தட்டுவேன், விழித்திருப்பவர் ஒரு விரலைத் தூக்க வேண்டும் என்றார். அவர் நிமிடத்துக்கு ஒரு முறை தட்டினார். விரல்கள் எழுந்தன. எப்போது தட்டுவாரோ என்ற பயத்தில், தட்டாதபோதும் எழுந்தன. மத்தியானத்துக்குள் ஐந்து மாடல் மெத்தையில் மூன்று பேரும் படுத்து எழுந்தார்கள். ஐந்து தாளிலும் 'நிம்மதி இல்லை' என்று குறித்திருந்தது. ஐந்து மாடலும் தோல்வி. கீழே வேலையை நிறுத்திவிட்டு உற்பத்திப் பிரிவு மேனேஜர் மூச்சு வாங்க மாடியேறி ஓடிவந்தார். உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மூன்று மெத்தையில் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு விரலை விரலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அறையில் மங்கலான வெளிச்சம், ஏசியின் மெல்லிய முனகல். நடுவில் நூற்றிப்பத்தின் புது நாற்காலியில், மணியை மடியில் வைத்தபடி, சோதனைப் பிரிவு மேனேஜர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எழுபது ஒரு தாளைக் கொண்டுவந்து மரியாதையாக நீட்டினார். 'இரண்டு பத்து முதல் இரண்டு முப்பத்தைந்து வரை. குறட்டை: உண்டு.' மேனேஜர் எழுந்து போய்ப் பலகையிலிருந்து அறிவிப்பைக் கிழித்தார்.

வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். முப்பது பேருக்கு ஷிப்ட் போடுகிறவர். யாருக்கு எந்த வார்டு என்பதை, காபி ஆறுவதற்குள் முடிவு செய்துவிடுவார். கணவர் தட்டைக் கிளறிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லக் கேட்டு, மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"எதை வெச்சு அவங்களை வேலைக்கு எடுத்தீங்க?"

"எடையை வெச்சு."

"அப்போ எடையை வெச்சே அனுப்புங்க. உத்தரவுல இருக்கிற எடைக்கும் இப்போ இருக்கிற எடைக்கும் யாருக்கு வித்தியாசமோ அவங்க கிளம்பட்டும். மெஷின் சொல்லும். உங்களை யார் என்ன கேக்க முடியும்?"

மேனேஜருக்கு மனைவியின் காலில் விழலாம் போல இருந்தது. பதிலாக, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை புது அறிவிப்பு. 'வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு எடை பார்க்கப்படும். வேலை உத்தரவில் கண்ட எடைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூடியோ குறைந்தோ இருப்பவர் பெயர் அனுப்பப்படும்.' எழுபது படித்துவிட்டு, 'இது பிரிவிலுள்ள அனைவருக்கும் பொருந்தும்' என்று ஒரு வரி சேர்த்தால் முறையாக இருக்கும் என்றார். மேனேஜர் சந்தோஷமாகத் தன் கையாலேயே அந்த வரியை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பேனாவை மூடும்போதுதான் நூற்றிப்பத்து பலகைக்கு வந்தார். நின்று நிதானமாகப் படித்தார். மேனேஜரின் கண் தற்செயலாக அவருடைய பெல்ட்டில் விழுந்தது. பழைய ஓட்டைகளைத் தாண்டி, ஆணியால் குத்திய ஒரு புது ஓட்டை. சட்டையும் தோளில் தொளதொளவென்று தொங்கியது.

மேனேஜருக்குத் தலையில் இடி விழுந்தது போலாயிற்று. மூவரில் அவர் மனதார இழக்க விரும்பாத ஆள் யாரோ, அவர் கழுத்துக்கு அளவெடுத்துக் கயிறு திரித்திருக்கிறார். சட்டென்று அவரைத் தனியாக இழுத்துப் போனார்.

"இப்போ எவ்வளவு இருக்கீங்க?"

"நூத்தி ஆறு சார். ஒரே மாசத்துல நாலு குறைஞ்சிருக்கு" என்றார் நூற்றிப்பத்து. குரலில் லேசான பெருமைகூட இருந்தது. "இந்த அறிவிப்பு நல்லதுக்குத்தான் சார். வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாயிடும்."

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற இரண்டு பேரையும் காப்பாற்ற இந்த மனிதர் வாய் திறக்காமல் தன்னையே பலிகொடுக்கத் தயாராகிவிட்டார். இப்படி ஒரு தங்கமான மனுஷரை அனுப்பிவிட்டு நாளைக்குக் கண்ணாடியில் எப்படி முகம் பார்ப்பது?

"நான் இருக்கிற வரைக்கும் உங்களை விடமாட்டேன். நாலு கிலோதானே? ஏத்திடலாம்."

நூற்றிப்பத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் அவர் தோளைத் தட்டிவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை மேனேஜர் நாலு அடுக்கு டிபன் கேரியரோடு கிளம்பினார். மற்றொரு கையில் ஒரு பை.

"யாருக்குப் பந்தி?" என்றார் மனைவி.

"எனக்குத்தான். பசிக்குது."

"இருக்கிற தொப்பை போதாதா?"

ஆபீசுக்குப் போனதும் சேமிப்பு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நூற்றிப்பத்தை நாற்காலியில் உட்காரவைத்துப் பரிமாறினார். எட்டு முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு மலை உருளைக்கிழங்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். நூற்றிப்பத்துக்கு மேலதிகாரி கையால் கொடுப்பதை மறுத்துப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு முட்டைக்கும் நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் மேனேஜர் தலையாட்டினார். ஆறாவது முட்டையில் நூற்றிப்பத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"போதும் சார். எனக்கு இது..."

"நன்றியெல்லாம் வேண்டாம். சாப்பிடுங்க."

அவரைக் காப்பாற்றியாயிற்று என்று நிம்மதியாக வெளியே வந்தால், மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நாற்பத்தெட்டு மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தார். புதன்கிழமை எடை பார்த்தாராம், ஐம்பது காட்டியதாம், அதிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் போடவில்லை. மேனேஜர் தடுக்கப்போவதற்குள் அவர் சோதனை அறைக்குள் நுழைந்து, வரிசையில் இருந்த முதல் மெத்தையில் மயங்கி விழுந்தார். தெளிந்து எழுந்ததும் கடமை தவறாமல் தாளில் குறித்தார். அந்த வாரம் முழு மதிப்பெண் வாங்கிய மெத்தை அது ஒன்றுதான்.

எழுபதைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், பின்புறம் லாரி நிற்கும் இடத்தில், கொளுத்தும் வெயிலில், மெத்தைக்குச் சுற்றும் பாலிதீன் உறையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். உறைக்குள்ளே ஆவி படர்ந்திருந்தது.

"எழுபத்திரெண்டரை சார்" என்றார் எழுபது. கையில் புத்தகம் இல்லை. முதல்முறையாக அவர் குரலில் விதி இல்லை, பயம் இருந்தது. "மூணு வருஷம்தான் சார் பாக்கி. இந்த வயசுல வேற எங்க போய்ப் படுப்பேன்?"

மேனேஜருக்குத் துக்கம் பொங்கியது. இந்த இரண்டு பேரை மட்டும் அனுப்பிவிட முடியுமா? வெயில் இறங்குமுன் உறையை நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டார். நாற்பத்தெட்டிடம் போய், நாளைக்கு லேசான துணி உடுத்திக்கொள், வளையல், கடிகாரம், கொண்டை ஊசி எதுவும் வேண்டாம் என்று ரகசியமாகச் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியில்தான் பஸ்ஸில் உறைத்தது. மூன்று பேரும் தப்பித்துவிட்டால் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு யார் பெயரை அனுப்புவது? இரண்டு நிறுத்தம் யோசித்துவிட்டு, பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணி. பேக்கிங் பிரிவின் எடை மேடையைச் சுற்றி நாலு பேரும் நின்றார்கள். சற்றுத் தள்ளித் துடைக்கிற அக்கா, துடைப்பத்தை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்.

நாற்பத்தெட்டு செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினார். முள் ஆடி நின்றது. நாற்பத்தெட்டேகால். இறங்கியதும் சுவரோடு சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

எழுபது ஏறினார். இரண்டு நாளில் அவர் தலையையும் மழித்திருந்தார், மீசையையும் எடுத்திருந்தார். அடையாளமே தெரியவில்லை. முள் மிகச் சரியாக எழுபதில் நின்றது.

கடைசியாக நூற்றிப்பத்து. காலையிலிருந்து மேனேஜர் அவருக்கு ஒரு டஜன் முட்டையும் நாலு லிட்டர் தண்ணீரும் கொடுத்திருந்தார். நடக்கும்போது உள்ளே குலுங்கும் சத்தம் கேட்டது. மேடையில் ஏறி, முள்ளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மேலே கூரையைப் பார்த்தார்.

"நூத்தி ஒன்பது முக்கால். பாஸ்" என்றார் எழுபது.

நூற்றிப்பத்து குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு மேடையிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார். முள் அவரோடு சேர்ந்து ஆடியது.

"அழாதீங்க. அதான் நான் சொன்னேன்ல, விடமாட்டேன்னு" என்று மேனேஜர் அவர் முதுகைத் தடவினார். தன் வாழ்க்கையிலேயே செய்த நல்ல காரியம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

நாலரை மணி. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அனுப்புவதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் அரை மணியில் நாலு பேருக்கும் வேலை இல்லை. இதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். வாழைப்பழத்தில் பாதி வாயிலிருக்க நாற்பத்தெட்டு அப்படியே நின்றார்.

எழுபது இருமினார். சொல்ல அவருக்கு விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் விதி என்று வந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"அனைவருக்கும் பொருந்தும்னு போட்டிருக்கு சார். இன்னும் ஒருத்தர் ஏறல."

"யாரு?" என்று மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவரும் இதே பிரிவில் படுக்க வந்தவர்தான். அப்போது அவர் பெயர் அறுபது. பிறகு பதவி உயர்ந்து நாற்காலிக்குப் போனார். உத்தரவில் எடையை யாரும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி வந்த காகிதம் ஒன்று ட்ரேயில் எங்கேயோ இருக்கக்கூடும்.

அவர் செருப்பைக் கழற்றினார், ஏறினார். முள் அறுபதில் நிற்கவில்லை, எழுபதில் நிற்கவில்லை. எண்பத்திரண்டரையில் போய் நின்றது.

கீழே லாரியின் ஹாரன், எங்கோ பாலிதீன் கிழியும் சத்தம், எல்லாம் தூரத்தில் கேட்டன. வீட்டில் போய் என்ன சொல்வது என்று ஒரு கணம் நினைத்தார். காபி ஆறுவதற்குள் அவள் புரிந்துகொள்வாள், ஆனால் அந்தக் காபியே இனி அவள் சம்பளத்தில்தான் என்று அடுத்த கணம் நினைத்தார்.

"சார், அந்த ஒரு வரியை அடிச்சிட்டா போச்சு" என்றார் நாற்பத்தெட்டு. எழுபதும் வேகமாகத் தலையாட்டினார். தன் பேனாவைக்கூட நீட்டினார். நூற்றிப்பத்து எழுந்து, "சார், நான் ஒண்ணு..." என்று தொடங்கினார்.

மேனேஜர் கையை உயர்த்தினார். "நான் போட்ட விதி. என் கையெழுத்து. உங்க மூணு பேர் வயித்துல அடிச்சிட்டு நான் மட்டும் உட்கார்ந்திருக்க முடியாது. யாரும் பேசக் கூடாது."

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அவர் 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. நேராக அறைக்குப் போய், தன் பெயரைத் தட்டச்சு செய்து, நாலே முக்காலுக்கு அனுப்பினார். மனசு லேசாக இருந்தது, அவருக்கே ஆச்சரியமாக இருக்கும் அளவுக்கு. ஒரு பேனா கேட்டால் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும் தலைமை அலுவலகம் இரண்டே நிமிடத்தில் பதில் போட்டது. 'ஏற்கப்பட்டது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டியதில்லை. நன்றி.'

திங்கட்கிழமை என்று படித்தபோதுதான் அது நிஜம் என்று உறைத்தது. இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினார். ஒரு குடை, மனைவியின் படம், பாதி பென்சில்கள். மூன்று பேரை இந்தக் கையால் காப்பாற்றினேன் என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

துடைக்கிற அக்கா குப்பைச் சாக்கோடு வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

"அந்த ட்ரேயில இருக்கிற எல்லாத்தையும் போட்டுடுங்கக்கா. இனிமே பார்க்க ஒண்ணுமில்ல" என்றார் மேனேஜர்.

அக்கா பென்சில் டப்பாவை நகர்த்திவிட்டு, காகிதங்களை அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டார். அந்தப் பழுப்புக் கவர் கைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். அதைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து, மேனேஜர் முன்னால் வைத்தார்.

"இதை மட்டும் எப்படி சார் போடுறது? ஒரு மாசமா தினமும் நான் எடுத்து மேலே வைக்கிறேன், நீங்க அதுக்கு மேலே ஒண்ணை வெச்சிடுறீங்க. டாக்டர் இருபது கிலோ குறைக்கச் சொல்லிட்டாரு, இந்த வேலையை விட்டு நின்னுக்கிறேன்னு நூத்திப்பத்து அண்ணன் எழுதிக் குடுத்த கடுதாசி."